கதவு சாத்தின பிறகும் பாடினோம்

எனக்குக் குரல் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எப்போதோ தீர்ந்துபோன விசயம். கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒற்றையறை அப்பார்ட்மென்டில் இருந்தோம். ஒருநாள் குழம்பு தாளித்துக்கொண்டே வாய்விட்டு ஒரு தேவாரம் எடுத்தேன். இரண்டாவது வரி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அவர் என் குரலுக்குத் தட்டினாரா, கருகின வெங்காயத்துக்குத் தட்டினாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. என் மனுசன் மட்டும் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு வந்த பிறந்தநாள், சாமத்தியவீடு, கல்யாணம் எல்லாவற்றிலும் சாப்பாட்டோடு அந்தக் கதையும் பரிமாறப்படும். மேசையில் டொக் டொக்கென்று தட்டிக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றி எரியும்.

ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் எனக்கு வேலை. அங்கே பல் கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார மனுசி என்னைப் பார்த்து, "நீ பாடுவாயா?" என்று கேட்டபோது, வேறு யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவருடைய காப்புறுதி விவரத்தைக் கணினியில் தட்டும்போது என்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். தாங்கள் பாட்டும் வாத்தியமுமாக ஒரு சங்கீதக் குழு வைத்திருப்பதாகவும், எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிற ஆட்கள்தான் என்றும், தாழ்ந்த பெண் குரலுக்கு ஆள் இல்லாமல் அந்தரப்படுவதாகவும், மரத்துப்போன வாயால் வடிந்ததைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு தேவாலயத்தின் நிலவறைக்குப் போனேன். குழுவின் நடத்துநர் ஒரு நெட்டை மனிதர். வெளியே பனி இன்னும் கரையவில்லை, அவர் அரைக்காற்சட்டையோடு நின்றார். பியானோவில் ஒரு சுரத்தை அமுக்கிப் பாடச் சொன்னார். பாடினேன். இன்னும் கீழே என்றார். போனேன். இன்னும் கீழே என்றார். கடைசியில், "இவ்வளவு காலமும் எங்கே இருந்தாய்?" என்று கேட்டார். பார்க்டேலில் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்: புரட்டாதி மாதம் கச்சேரி, நான் பாடுகிறேன், எல்லாரும் வாருங்கள். என் மனுசனின் அக்கா, அதாவது என் மச்சாள், அஜின்கோர்ட்டில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. எந்த விசயத்தையும் சின்னதாகச் செய்ய அவருக்குத் தெரியாது. இரண்டு முழு வரிசைக்கு ரிக்கற் எடுத்து, தூரத்தில் ஒஷாவாவில் இருக்கிற உறவுக்காரரையும் ஒருவர் விடாமல் சேர்த்துவிட்டார். என் வாழ்க்கையில் முதல்தரம் என் சனம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருக்க, நான் பாடப்போகிறேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சங்கீதம் கூட இரண்டாம்பட்சம்.

"என்ன பாட்டு?" என்று மச்சாள் கேட்டார்.

"சொல் ஒண்டும் இல்லை மச்சாள். ஆ எண்டு மட்டும்தான்."

"ஆ எண்டு மட்டுமோ?"

சோபாவில் படுத்திருந்த என் மனுசன் எழும்பி இருந்தார். "காலமை முழுக்க ஆ எண்டு வாயைத் திறக்கிற சனத்தோட இருக்கிறீர். பின்னேரம் நீரும் போய் ஆ எண்டு நிக்கப்போறீரோ? அங்கையும் ஆரும் பல்லுப் பாப்பினமோ?"

அந்தச் சங்கீதத்தை எழுதினவர் போன நூற்றாண்டு ஆரம்பத்தில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயர். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இளமையில் ட்ரொம்போன் என்கிற, இழுத்து இழுத்து ஊதுகிற நீளக் குழல் வாசித்துப் பிழைத்தவர் என்று நான் சொன்னதும், மச்சாள் அவருக்கு ஊதல்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். நூலகத்தில் இருந்து அவரைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பாவமான மனுசன். மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தம், கண்ணும் மட்டம், வலது கையில் ஓயாத நோ. பியானோக்காரராக வர ஆசைப்பட்டு, கை நோ விடாததால் குழலுக்கு மாறினவர். கடற்கரை ஊரில் ஒரு வாத்தியக் கோஷ்டியில் ஊதினபோது, வெளிநாட்டுக்காரர் மாதிரி உச்சரித்துக் கதைக்கச் சொல்லிக் கட்டளையாம். அப்போதுதான் சனம் மதிக்குமாம். நான் இந்த நாட்டில் முதல் வேலைக்குப் போனபோது என் உச்சரிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இந்த மனுசனைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தோடு எனக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

பிறகு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார். வார நாட்களில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சனி ஞாயிறில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சத்தம் புகாத ஓர் அறையில் இருந்து எழுதுவாராம். வேதத்துப் பாட்டுக்கு மெட்டுப் போட ஆசை வந்து, அடுத்தவர் மொழிபெயர்ப்புப் பிடிக்காமல், தானே சமஸ்கிருதம் படிக்கப் போனவர். மச்சாளுக்கு இது பெரிய விசயமாகத் தெரியவில்லை. ஆனால் நண்பர்களுக்குச் சாதகம் பார்ப்பார் என்று படித்துக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாதகப் பைத்தியத்தில்தான் ஏழு கிரகங்களுக்கு ஏழு சங்கீதம் எழுதினாராம்.

"ஏழோ? மிச்சம் ரெண்டும் எங்கை? ராகுவும் கேதுவும்?"

"அவை இல்லை மச்சாள். சூரியனும் சந்திரனும் கூட இல்லை. பதிலுக்கு யுரேனஸும் நெப்டியூனும்."

"ராகு கேதுவை விட்டிட்டு எழுதினவரோ? அதுதான் கை நோ."

"அவருக்கு எல்லாத்திலும் பிடிச்சது சனியாம்."

மச்சாள் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். "சனியைப் பிடிச்ச மனுசனை நான் இப்பதான் கேள்விப்படுறன்" என்றார். "கச்சேரி என்ன கிழமை?" சனிக்கிழமை என்றேன். அதுவும் புரட்டாதிச் சனி. அன்று கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டுத்தான் எல்லாரும் மண்டபத்துக்கு வருவது என்று அந்த இடத்திலேயே முடிவானது. நேர்த்தி முடிக்காமல் சனியின் சங்கீதத்தைக் காதால் கேட்க அவர் தயாராக இல்லை.

என் பங்கு கடைசிக் கிரகத்தில், நெப்டியூனில் வருகிறது. கோடை முழுக்கப் பழகினோம். என்னில் நடத்துநருக்கு ஒரே ஒரு குறை. மற்றப் பெண்கள் எல்லாம் சரியாக நிறுத்துகிற இடத்தில் நான் கொஞ்சம் பிந்தி நிறுத்துகிறேனாம். கையைக் காட்டுவார், தலையை ஆட்டுவார், கெஞ்சுவார். நான் என்ன செய்ய? ஒரு சத்தத்தைப் பட்டென்று விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை. விருந்துக்குப் போன இடத்திலும் அப்படித்தான். போயிட்டு வாறம் என்று சொன்ன பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கதைக்கத் தொடங்குவேன். கதையெல்லாம் அங்கேதான் இருக்கும். என் மனுசன் காரைச் சூடாக்கி, ஹோர்ன் அடித்து, பிறகு காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தேத்தண்ணி குடிப்பார்.

கச்சேரிக்கு நாள் நெருங்கின பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மேடையில் நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டேன். மயில்நீலத்தில் பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது, எந்தப் பக்கம் முந்தானை தெரியவேண்டும் என்று எனக்குத் தெரியவேண்டாமா? நடத்துநர் சந்தோசமாகச் சிரித்தார். நீங்கள் மேடையில் நிற்கமாட்டீர்கள், உங்களை ஒருவரும் பார்க்கக்கூடாது, அதுதான் இதன் அழகு என்றார். மண்டபத்துக்குப் பக்கத்து நடைபாதையில், சனத்தின் கண்ணில் படாமல் நின்று பாட வேண்டும். கதவு திறந்திருக்கும். கடைசியில் நாங்கள் பாடப் பாட அந்தக் கதவை மெல்ல மெல்லச் சாத்துவார்கள். சத்தம் எங்கே முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. எழுதினவரே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாராம். வேண்டுமானால் நீங்கள் பிஜாமாவோடும் வரலாம் என்று ஒரு பகிடியும் விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த ஊதல்காரர் உயிரோடு இருந்திருந்தால் நேரே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

புத்தகத்தில் திரும்பத் தேடினேன். புகழ் என்றால் ஓடி ஒளிகிற ஆளாம். கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களுக்கு, நான் கையெழுத்துப் போடுவதில்லை என்று தட்டச்சு அடித்த துண்டுகளைக் கொடுத்துவிடுவாராம். சரி ஐயா, உங்களுக்குப் புகழ் வேண்டாம். எனக்கு வேண்டுமே! இரண்டு வரிசை நிறைய ஆட்கள் வருகிறார்களே!

ஒரே ஒரு வழி இருந்தது. கச்சேரி முடிந்து சனம் கை தட்டும்போது கதவைத் திறந்துவிடுவார்கள், பெண்கள் எல்லாரும் மேடைக்கு முன்னால் வந்து ஒருதரம் குனிந்து வணங்கலாம். அந்த ஒரு நிமிசம்தான் எனக்கு மிஞ்சியது. அதையாவது அவர்கள் பார்க்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் வந்து சொன்னபோது என் மனுசன் நம்பவில்லை.

"ஒளிச்சு நிண்டு பாடவோ? பக்கத்து வீட்டுக்காரன் அங்கையும் சொல்லிப்போட்டானோ?"

நான் அழுதுவிட்டேன். எனக்கே அது எதிர்பாராததுதான். அவர் ரீவியை நிறுத்தினார். "கதவு சாத்துறது ஆர்?" என்று கேட்டார்.

இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றேன்.

"நான் சாத்துறன். நானே திறந்தும் விடுறன். நீர் முதலாவதா வெளியில வாரும்."

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எங்கள் வீட்டுக் கதவுகளைக் கேட்டால் சொல்லும். காருக்குக் கதவு, அலுமாரிக்குக் கதவு, குளியலறைக்குக் கதவு, எல்லாம் அவருக்கு ஒரே தடால்தான். ஆனாலும் பழகினார். பிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருக்கிற விளக்கு எந்த நேரத்தில் அணைகிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்துச் சாத்தினார். நான் அடுப்படியில் நின்று ஆ என்று பாட வேண்டும், அவர் சாத்த வேண்டும். ஒரு கிழமை இப்படிப் போனதில் பால் புளித்துவிட்டது. ஒத்திகையில் நடத்துநர் அவருக்கு ஆங்கிலத்தில் இரண்டே விசயம் சொன்னார். பாட்டுத் தேயத் தேயச் சாத்து. எல்லாம் முடிந்ததும் திற. எங்களுக்கும் ஒன்று சொன்னார். கதவு திறக்கும்வரை பாட்டை நிறுத்தவே கூடாது.

கச்சேரி அஜின்கோர்ட்டில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூட மண்டபத்தில். கோயிலில் இருந்து என் சனம் நேரே, நெற்றியில் திருநீற்றோடும் கையில் பிரசாதப் பைகளோடும் வந்து இறங்கியது. நான் மயில்நீலப் பட்டோடு, மாணவர்களின் லொக்கர் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். மற்றப் பெண்கள் சிலர் உண்மையாகவே பிஜாமாவோடு வந்திருந்தார்கள். பல் கட்டின மனுசி என் சேலையைத் தொட்டுப் பார்த்து, நீயாவது மரியாதை வைத்தாய் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு கிரீச்சிட்டது. தீப்பிடித்தால் தள்ளிக்கொண்டு ஓடுகிற பாரமான இரும்புக் கதவு. மண்டபப் பக்கத்தில் இடுப்பளவில் ஒரு தள்ளுகம்பி, அதை அமுக்கினால் எங்கள் பக்கம் திறக்கும். என் மனுசன் இரண்டுதரம் சாத்திப் பார்த்தார், இரண்டுதரமும் பூனையை மிதித்த சத்தம். எண்ணெய் வேண்டும். அந்த நேரம் எண்ணெய்க்கு எங்கே போவது? அவர் போனார், வந்தார். கையில் மச்சாளின் கைப்பையில் இருந்து கிளப்பின எள்ளெண்ணெய்ப் போத்தல், சனீஸ்வரனுக்கு எரித்து மிஞ்சினது. கீல்களுக்கு வஞ்சகம் இல்லாமல் ஊற்றினார். கதவு சத்தமே இல்லாமல் வழுக்கியது. நடைபாதை முழுக்கத் தோசைக்கடை மணம்.

மண்டபத்துக்குள் நடந்ததை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். ஐந்தாவது கிரகம் சனி. அது தொடங்கி, வாத்தியங்கள் மெதுவாக, பாரமாக அடி வைத்து வருகிற நேரம், கதவுப் பக்கத்தில் இருந்து எள்ளெண்ணெய் வாசம் பரவியிருக்கிறது. மச்சாள் மூக்கை உயர்த்தினார். தான் எண்ணெய் எரித்த கோயில் எங்கே, இந்த மண்டபம் எங்கே? "வந்திட்டார்" என்று பக்கத்தில் இருந்த ஒஷாவாக்காரரிடம் சொல்லிவிட்டுக் கைகளைக் கூப்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இரண்டு வரிசையும் கன்னத்தில் போட்டது. பின் வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள், இந்தச் சங்கீதத்துக்கு இது வழமைபோலும் என்று நினைத்தார்களாம். ஒருவர் தானும் மெல்லத் தட்டிப் பார்த்தாராம்.

எங்கள் முறை வந்தது. என் மனுசன் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தார். பாடினோம். தூரத்தில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் எங்கள் குரல் மட்டும் மிஞ்சியது. அவர் பிரிட்ஜ் சாத்துகிற முகத்தோடு கதவை இழுத்தார். அவருடைய காது, கன்னம், மூக்கு எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தடால் இல்லை. கிளிக் கூட இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு மெதுவாகச் செய்த வேலை வேறு இல்லை.

நாங்கள் பாடிக்கொண்டே இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் மழை பெய்வது போல் ஒரு சத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தின் சூடாக்கியைப் போட்டுவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். அது நின்றது. கதவு திறக்கவில்லை. பாடினோம். தொண்டை வறண்டது. பல் கட்டின மனுசி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தோளைக் குலுக்கினேன். பாடினோம். எனக்குப் புரியத் தொடங்கியது, ஏதோ பிழையாகிவிட்டது, என் ஒரு நிமிசமும் போய்விட்டது. சேலையைக் குனிந்து பார்த்தேன். கண் முட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

திடீரென்று கதவு பறந்து திறந்தது. முதலில் மச்சாள் விழுந்தார். அவருக்கு மேல் ஒஷாவாக்காரர். அதற்கு மேல் பிரசாதப் பை. பின்னால் என் மனுசன், கதவு இருந்த இடத்தில் காதை வைத்த சாய்வு மாறாமல். அவருக்குப் பின்னால், மண்டபச் சுவர் நீளத்துக்கு என் சனம் முழுவதும் ஒரு காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. சித்தப்பா, அவருடைய மருமகன், சின்னம்மா, யாரோ எனக்கே தெரியாத ஒருத்தர். அவர்களுக்குப் பின்னால் கதிரைகள் எல்லாம் வெறுமை. மற்றச் சனம் கோட்டுப் போட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். கை தட்டலுக்குக் கதவு திறக்கவில்லை. நடத்துநர் மேடையில் நின்று கதவைப் பார்த்துக் கை நீட்டி நீட்டிக் களைத்து, தான் மட்டும் குனிந்துவிட்டு உள்ளே போனார். என்னைக் காணவில்லையே என்று விசாரிக்க மச்சாள் கதவடிக்கு வர, அங்கே என் மனுசன் கதவில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். "என்னடா தம்பி?" என்று கேட்டதற்கு உதட்டில் விரல் வைத்தார். மச்சாளும் காதை வைத்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். கடைசியில் இன்னும் வடிவாகக் கேட்க ஆசைப்பட்டு, மச்சாள் வயிற்றால் அந்தத் தள்ளுகம்பியில் சாய்ந்துவிட்டார்.

நான் சத்தம் போட்டேன். "கை தட்டினவுடனை திறக்கிறன் எண்டனீங்கள் எல்லோ! ஏன் திறக்கேல்லை?"

"நீர் இன்னும் முடிக்கேல்லையே" என்றார் என் மனுசன்.

"நீங்கள் திறக்காமல் நாங்கள் எப்பிடி முடிக்கிறது?"

"நீங்கள் முடிக்காமல் நான் எப்பிடித் திறக்கிறது?" அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "பாடிக்கொண்டு நிக்கிற ஆளை இடையில குழப்பலாமோ? பார்க்டேலில ஒருக்கால் குழப்பினதே போதும்."

மச்சாள் எழும்பி, சேலையைத் தட்டி, என் தாடையைப் பிடித்தார். "எங்கை முடிஞ்சதெண்டே தெரியேல்லை பிள்ளை" என்றார். பிறகு முகர்ந்து பார்த்து, "இஞ்சையும் வந்திருக்கிறார்" என்று கதவுக் கீலைக் கும்பிட்டார். போத்தல் விசயத்தை இன்றுவரை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு லொக்கர்களுக்கு முன்னால் பிரசாதம் பிரித்துச் சாப்பிட்டோம். பிஜாமாப் பெண்களுக்கும் நடத்துநருக்கும் சர்க்கரைப் புக்கை கிடைத்தது. போயிட்டு வாறம் என்று சொல்லி வாசலில் நின்று எல்லாரும் கதைத்துக்கொண்டே நின்றார்கள். என் மனுசன் ஹோர்ன் அடிக்கவில்லை. காருக்குள் ஏறின பிறகு கேட்டேன்.

"அத்தனை பொம்பிளையள் பாடினவை. உங்களுக்கு என்ரை குரல் கேட்டதோ?"

"கேட்டது."

"சும்மா சொல்லாதேங்கோ. எது நான் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் மூச்செடுக்க நிப்பாட்டேக்கை, ஒருத்தி மட்டும் கொஞ்சம் பிந்தி நிப்பாட்டுறாள். வாசலில நிண்டு கதைக்கிற ஆள் வேறை ஆர்?"

இப்போதெல்லாம் விருந்துகளில் வேறு கதை. மேசையில் தட்டுவதை விட்டுவிட்டார். எழும்பிப் போய், கண்ணை மூடி, வீட்டுக்காரரின் சுவரில் காதை வைத்து நின்று காட்டுகிறார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன்.